கருமாதிக்குப் பின் வந்த சைக்கிள்

கோடாங்கிபட்டி நெருங்கியதும் மேற்கே மலை தெரிந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்க்கிற மலை. ஆனாலும் வீரணன் சைக்கிளை நிறுத்தவில்லை. ஆடிக்காற்று எதிரே வந்து நெஞ்சைப் பிடித்துத் தள்ளியது. இறங்கினால் மறுபடி ஏறி மிதிப்பது பெரும்பாடு. காசியிலிருந்து ஆயிரத்து நானூறு மைல் வந்தவனுக்குப் போடிக்கு இன்னும் ஆறே மைல்.

தை மாதம் அவன் புறப்பட்டபோது இந்தச் சாலையின் இருபுறமும் ஆள் நின்றது. போடியில் மேளம் வைத்து, கழுத்து கொள்ளாமல் மாலை போட்டு அனுப்பினார்கள். காசி வரைக்கும் சைக்கிளில் போகிறவனை அதுவரை அந்தப் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. இதே கோடாங்கிபட்டியில் பொன்னுமணி என்கிற பெண் ஓடிவந்து கருப்பட்டிக் காபி கொடுத்து, "திரும்பி வாரப்பவும் இங்கன நின்னு குடிச்சுட்டுத்தான் போகணும் அப்பு" என்று சொல்லியிருந்தாள். வழி நெடுக, காய்ச்சலிலும் பசியிலும், அவன் அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டதுண்டு. வரவேற்பை எதிர்பார்ப்பது சின்னத்தனம் என்று படித்தவர்கள் சொல்லலாம். மூட்டை சுமந்தே முப்பது வயதைத் தாண்டியவனிடம் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

சாலையோரக் கிணற்றில் கமலை ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியவன் வீரணனைப் பார்த்தான். மாடுகளை நிறுத்தினான். பிறகு மெதுவாகத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

ஊருக்குள் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. யாரும் அறைந்து சாத்தவில்லை. தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல அத்தனை மெதுவாகச் சாத்தினார்கள். நல்ல உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

பொன்னுமணியின் வீட்டு வாசலில், சாலையின் நடுவே, ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்திருந்தது. அவள் பத்தடி தள்ளிச் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"பொன்னுமணியக்கா, நான்தான். வந்துட்டேன்."

அவள் திரும்பவில்லை. "குடிச்சிட்டுப் போயிரு அப்பு," என்றாள் சுவரிடம். "உன் ஊருக்குள்ள போகாத. உன் சனம் தாங்காது."

தாகம் பொறுக்காமல் அவன் குடித்தான். செம்பைத் திருப்பிக் கொடுக்கக் கை நீட்டியபோது அவள் விலகி ஓடினாள். தன்னால் ஏதோ பெரிய குற்றம் நடந்துவிட்டது, அது என்னவென்று தனக்கு மட்டும் தெரியவில்லை என்று வீரணனுக்குத் தோன்றியது. ஒருவேளை ராக்குவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ? ராக்கு அவன் மனைவி. அந்த நினைப்பு வந்தபிறகு காற்று எதிரே அடிப்பது அவனுக்கு உறைக்கவில்லை.

வீரணன் குரங்கணிக்காரன். போடிக்கு மேலே மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். ஏலத்தோட்டத்திலிருந்து காய்மூட்டையைத் தலையில் ஏற்றி அடிவாரம் வரைக்கும் இறக்குவது அவன் வேலை. சக்கரம் என்பது எதற்கும் உதவாத பாதை அது. பதினாறு வயதிலிருந்து உலகம் என்பது ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்தது. இருபத்தைந்து வயதில், வேலையில்லாத மாதமொன்றில், போடியில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்த யோசேப்பிடம் எடுபிடிக்குச் சேர்ந்தான். அங்கேதான் சைக்கிள் ஓட்டக் கற்றான். சமதரையில், தலையில் எதுவும் இல்லாமல், உட்கார்ந்தபடியே தூரம் போவது அவனைக் கலங்கடித்துவிட்டது. இந்தத் தரை எதுவரைக்கும் இப்படியே போகும் என்று கேட்டான். யோசேப்பு பஞ்சர் ஒட்டியபடியே, "காசி வரைக்கும் போகும்டா, இந்தப் பிரேமு தாங்கும்" என்று விளையாட்டாகச் சொன்னார். வேறு எவனும் சிரித்துவிட்டுப் போயிருப்பான். வீரணன் ஏழு வருஷம் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டிருந்தான். பிறகு ஐம்பத்தைந்தாம் வருஷம், பொங்கல் முடிந்த கையோடு, அது உண்மைதானா என்று பார்க்க அதே கடைச் சைக்கிளில் கிளம்பினான். பக்திக்காகப் போனான் என்று ஊர் நம்பியது. அவன் மறுக்கவில்லை.

போடிக்குள் நுழைந்தபோது ஏலக்காய் மணம் வந்தது. கடைத்தெருவில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் காய் புடைத்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் அவர்களைக் கடக்கக் கடக்க முறங்களின் சத்தம் நின்றது. கடந்து பத்தடி போனதும் பின்னால் மறுபடி தொடங்கியது. தெரு முழுக்க இப்படித்தான்: அவன் இருக்கிற இடத்தில் மட்டும் அமைதி. அந்த அமைதியைத் தானே தள்ளிக்கொண்டு போவதுபோல அவன் சைக்கிளைத் தள்ளினான்.

யோசேப்பு ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. அவர் வீரணனின் முகத்தைப் பார்க்கவில்லை, சைக்கிளைப் பார்த்தார்.

"அண்ணே."

அவர் எழுந்து வந்து முன்டயரைத் தொட்டார். "இது நம்மது இல்ல."

"நாக்பூர்ல மாத்துனது."

"செயினு?"

"ஜபல்பூர்."

"சீட்டு, பெடலு, பின்ரிம்மு?"

"ஒண்ணொண்ணுக்கும் ஒரு ஊரு சொல்லணும்ணே. என்னாச்சு எல்லாருக்கும்?"

அவர் குனிந்து, சீட்டுக்குக் கீழே பிசுக்கை விரலால் வழித்துவிட்டு, இரும்பில் வெட்டியிருந்த எண்ணை வாய்க்குள் படித்தார். தாம் முன்பு பற்றவைத்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "பிரேமு நம்மதுதான்," என்றார். அதன் பிறகுதான் அவன் முகத்தை ஏறிட்டார். "அப்ப நீயும் வீரணனாத்தான் இருக்கணும்."

இரும்புக்கு எண் உண்டு. மனிதனுக்கு அப்படி எந்த இடத்திலும் வெட்டி வைக்கவில்லை. அடுத்தவர்கள் ஒத்துக்கொள்ளும் வரைதான் அவன் அவன். இதை வீரணன் அன்று சாயங்காலத்துக்குள் நன்றாகக் கற்றுக்கொள்ள இருந்தான்.

"உக்காரு," என்றார் யோசேப்பு. "விழுந்துறாத. உனக்குக் கருமாதி முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு."

வீரணன் சிரித்தான். அவர் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினான்.

சித்திரையில் அவனிடமிருந்து ஒரு கார்டு வந்திருந்தது. ராக்குவின் அண்ணன் தவசிதான் தபாலில் வாங்கிக் கொண்டுபோனான். கார்டின் நான்கு மூலையும் கறுப்பு. கல்யாணக் கடுதாசி என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள் இருக்கும்; சாவுக் கடுதாசி என்றால் கரி. கரி பூசியதை வாசற்படிக்குள் கொண்டுபோகக் கூடாது, கடைசி வரை படிக்கவும் கூடாது. யார் பேர் என்று தெரிந்தால் போதும். நின்ற இடத்திலேயே கிழித்து ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். கார்டு இங்கிலீஷில் இருந்ததால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் போனார்கள். அவர் மூலைகளைப் பார்த்ததுமே கையில் வாங்க மறுத்து, தவசி நீட்டிப் பிடிக்க, தள்ளி நின்றே பார்த்தார். வீரணன் என்ற பேரும் காய்ச்சல் என்ற சொல்லும் அவர் கண்ணில் பட்டன. போதும் என்றார். தவசி ஆற்றில் இறங்கிக் கிழித்துவிட்டான்.

"ஜபல்பூர்ல காய்ச்சலா கெடந்தேன்," என்றான் வீரணன். "ஒரு சைக்கிள் கடையிலதான் சோறு போட்டாக. எந்திரிச்சதும் ரயில்வே குமாஸ்தா ஒருத்தர்கிட்ட எழுதச் சொன்னேன். காய்ச்சல் சரியாயிருச்சு, வரத் தாமதமாகும்னு. மை காயட்டும்னு நாந்தான் மூலையப் பிடிச்சு..."

அவன் தன் கட்டைவிரல்களைப் பார்த்தான். அன்றைக்கு அவன் செயினுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தான். நகக்கண்ணில் அது இன்னும் போகவில்லை.

"உன் சாவுக்கு நீயே கடுதாசி போட்டுருக்க," என்றார் யோசேப்பு. "வேற எவனுக்கும் இந்தக் கொடுப்பினை இல்ல. வைக்கோல்ல ஆளு செஞ்சு, உன் சட்டையப் போட்டுவிட்டு, ஆத்தங்கரையில கொளுத்துனாங்க. நானும் வந்திருந்தேன். நல்லா வெரசா எரிஞ்சது. நீ எந்தச் சோலியும் அவ்வளவு வெரசாச் செஞ்சதில்ல."

"ராக்கு?"

"தாலியெறக்கியாச்சு." அவர் டியூபைத் தொட்டியிலிருந்து எடுத்து உதறினார். "அதோட முடிஞ்சிருந்தா இன்னிக்கு எல்லாரும் ஓடியாந்து உன்னக் கட்டிப் பிடிச்சிருப்பாங்க. முடியல. நீ வர்ற."

"நானா?"

"பொழுது சாயிறப்ப உங்க வீட்டுப் பாதையில சைக்கிள் மணி கேக்குது. தவசி கேட்டுருக்கான். உங்க அக்கா மொக்கம்மா கேட்டுருக்கு. ராக்கு கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருந்து பேசுது. நீ வெளிய நின்னு பதில் சொல்றியாம். செவ்வா, வெள்ளி தப்புறதில்ல. இன்னிக்கு ஆடி அமாவாசை வேற. செத்தவுக வர்ற நாளு. ஊரே உன்ன எதிர்பாத்துத்தான் இருந்துச்சு, இப்படி நட்டநடு வெயில்ல வருவேன்னுதான் நெனைக்கல."

எத்தனையோ ஊர்களில் அறியாத மனிதர்கள் அவனை நம்பித் தின்னக் கொடுத்தார்கள். அறிந்த ஊரில் அவனுக்கு முன்பே வேறொருவன் வந்து அவன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் பேர் வீரணன்.

"அண்ணே, உங்களுக்குப் பயமா இல்லையா?"

"நாங்க வாராவாரம் கோயில்ல ஒருத்தர் உயிர்த்தெழுந்தத பாடுறோம்டா. கடை வாசல்ல வந்து நின்னாத்தான் எவ்வளவு சங்கடம்னு தெரியுது," என்றார் யோசேப்பு. அப்படிச் சொல்லிவிட்டு அவன் தோளில் கை வைத்தார்.

குரங்கணிக்குப் போகிற ஆள் ஒருவரிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சேதி சொல்லி முன்னால் அனுப்பிவிட்டு, இரண்டு பேரும் பின்னால் புறப்பட்டார்கள். கல்லும் மண்ணுமான பாதை. பாதித் தூரம் சைக்கிளைத் தள்ளித்தான் போக வேண்டியிருந்தது. மலை பக்கத்தில் வர வர வெயில் போய் மூடாக்கு வந்தது. மேலே ஏலச் சரிவுகளை மேகம் இறங்கி மூடிக்கொண்டிருந்தது. வீரணனுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது: ராக்கு தன்னைப் பார்த்து, நீதான் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் எதையும் நம்பிக்கொள்ளட்டும்.

ஊருக்கு முன்னால் கொட்டகுடி ஆறு. அக்கரையில் ஊர் மொத்தமும் நின்றிருந்தது. ஐம்பது அறுபது பேர். எல்லோரும் முதுகைக் காட்டி நின்றார்கள். ஒருவர் முகமும் தெரியவில்லை. தப்புக்காரர்கள்கூடத் திரும்பி நின்றுதான் பறைத்தோலை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஆற்றின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

"பாலத்துல வராத," என்றது மொக்கம்மாளின் குரல். அவன் அக்கா, அந்தச் சுற்று வட்டாரத்துப் பிள்ளைகளையெல்லாம் பிறப்பித்தவள். அவளும் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள். "அந்த வழியாத்தான் உன்னத் தூக்கிட்டுப் போனோம். போன வழியில வரக் கூடாது. தண்ணிக்குள்ள எறங்கி வா. கரையில குழி வெட்டியிருக்கு. அதுல சுருண்டு படு."

"அக்கா, எனக்கு ஒண்ணும் ஆகல. என்னத் திரும்பிப் பாரு."

"பொறக்காதவன் மொகத்த எப்படிடா பாக்குறது? படு."

மணலில் வெட்டிய குழியில் ஊற்று நீர் கணுக்காலளவு நின்றது. அவன் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கி முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தான். மொக்கம்மாள் பின்பக்கமாகவே நடந்து வந்து, அவனைப் பார்க்காமல் கையால் தடவி, அவன் இடுப்பிலிருந்த பழைய அரைஞாண்கயிற்றை அறுத்து ஆற்றில் விட்டாள். தலையில் மஞ்சள் தண்ணீரைக் கொட்டினாள்.

"அழு."

அழும்வரைக்கும் ஒருவரும் திரும்ப மாட்டார்கள் என்பது அவனுக்குப் புரிந்தது. வேறு வழியில்லாமல், நாடகத்தில் அழுவதுபோல ஒரு சத்தம் போட்டான். ஒரு முதுகும் அசையவில்லை. இரண்டாம் முறை சத்தம் போட்டான். கூட்டத்தில் யாரோ செருமினார்கள். அப்போது அவனுக்குக் கோபம் வந்தது. ஆயிரத்து நானூறு மைல் எதிர்க்காற்றில் மிதித்து வந்தவனை ஈரக் குழியில் போட்டு அழச்சொல்கிறார்கள். கோபம் தொண்டைக்கு வந்தபோது வேறு ஏதோ ஆகி, அவன் வாயைப் பிளந்து உடைந்து அழுதான். நல்ல அழுகை என்று சொல்ல முடியாது. கன்றுக்குட்டி கத்துவதுபோல இருந்தது. ஆனால் அது உண்மையாக இருந்தது. தப்பு முழங்கியது. அறுபது பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள்.

அடுத்துச் சேனை வைக்க வேண்டும். பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைக்கிற சடங்கு. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். கிண்ணம் கைமாறிக்கொண்டே போனது. தொட ஒருவருக்கும் துணிவில்லை. கடைசியில் யோசேப்பு வாங்கினார்.

"கொண்டாங்க. நான் வேதக்காரன், எனக்கொண்ணும் ஒட்டாது."

"ஒங்க குணம் வந்துருமேய்யா," என்றது ஒரு பெண்குரல்.

"நல்லதுதான். இனிமே காசி கீசின்னு எவன் சொன்னாலும் நம்ப மாட்டான்."

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்போடு பயமும் போய்விட்டது. அமாவாசையில் பிறந்ததால் அமாவாசை என்று பேர் வைத்தார்கள். தவசி ஓடிவந்து, "மாப்ளே, நான் பாவி, நான்தான் கிழிச்சேன்" என்று கட்டிக்கொண்டான். மாலை வந்தது. சைக்கிளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, அதற்கும் ஒரு மாலை போட்டார்கள். காசியைப் பற்றிக் கேட்டார்கள். கங்கை எத்தனை அகலம், நம் ஆறு மாதிரி எத்தனை ஆறு சேர்த்தால் வரும்? சற்று முன் முதுகைக் காட்டி நின்றவர்களும் இதே மனிதர்கள்தான். அவர்கள் மாறிவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. அவனுக்குத்தான் வேறு இடம் கொடுத்துவிட்டார்கள்.

கூட்டத்தில் அவன் கண் தேடிய முகம் மட்டும் இல்லை.

"அவ வரல," என்றாள் மொக்கம்மாள், அவன் கேட்கும் முன்பே. "சொல்லிப் பாத்தாச்சு. சாயங்காலம் ஆனா அவுக வீட்டுக்கே வருவாக, நான் எதுக்கு ஆத்துக்கு வரணும்னு கேக்குறா. உன்னப் பொறப்பிச்சு விட்டாச்சு தம்பி. புருசனாகுறது உன் பாடு. கதவ அவதான் தெறக்கணும். இன்னிக்கு அவ தெறக்கலைன்னா அப்புறம் என்னைக்கும் தெறக்க மாட்டா." வேறு ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, உதட்டை மடித்துக்கொண்டாள்.

வீடு ஊருக்கு மேலே, சரிவில் தனியாக இருந்தது. வீரணன் மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினான். பொழுது மங்கிக்கொண்டிருந்தது. மேகம் பாதைக்கே இறங்கிவிட்டது. கல்லில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் மணி தானாகவே ஒலித்தது. இதைத்தானே இவர்கள் இரண்டு மாதமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்தவுடன் அவனுக்குக் கூசியது. மணியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். சத்தம் அடங்கியது.

அப்போது மேலே, பாதையின் வளைவுக்கு அப்பால், ஒரு மணி ஒரே ஒரு முறை அடித்தது.

நின்றான். தன் கை மணியின் மீதுதான் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. காற்றில் மரங்கள் அசைந்தன. அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. வளைவில் ஆள் யாரும் இல்லை.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு எரிவது இடுக்கில் தெரிந்தது.

"ராக்கு."

"இன்னிக்கு வெரசா வந்துட்டீக," என்றது உள்ளிருந்து அவள் குரல். அதில் பயமோ அழுகையோ இல்லை. வழக்கமாக வருகிறவரிடம் பேசுகிற குரல்.

"நான் சாகல புள்ள. காய்ச்சல்தான். கடுதாசியில இருந்த கறுப்பு என் கை அழுக்கு."

"அன்னிக்கும் சாகலைன்னுதான் சொன்னீக."

"என்னைக்கு?"

"மொத நாளு."

வீரணன் கதவில் நெற்றியை வைத்தான். இருவருக்கு மட்டும் தெரிந்ததைச் சொன்னால் நம்புவாள் என்று நினைத்தான். கல்யாணமான வருஷம் தோட்டத்தில் அவள் கணுக்காலில் அட்டை ஏறியதையும், புகையிலைச் சாற்றை விட்டு அவன் அதை உதிர்த்ததையும், அவள் அழுததை யாரிடமும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியதையும் சொன்னான்.

"போன வெள்ளிக்கெழமையும் அட்டக் கதைதான் சொன்னீக."

"நான் கெளம்புன அன்னிக்கு, மாலையெல்லாம் போடுறதுக்கு முன்னாடி, நீ எங்கிட்ட என்ன சொன்ன? திரும்பிப் பாக்காமப் போங்க, பாத்தா நான் ஓடியாந்துருவேன்னு சொன்ன. நான் பாக்கல. வேற ஒருத்தருக்கும் அது தெரியாது."

"இதையும்தான் சொல்லியிருக்கீக."

இன்னும் இரண்டு சொன்னான். இரண்டுக்கும் அதே பதில். அவன் ஞாபகங்கள் ஒவ்வொன்றையும் வேறொருவன் முன்னால் வந்து செலவழித்துவிட்டுப் போயிருந்தான். தன்னுடையது என்று எடுத்துக் காட்ட இனி எதுவும் மிச்சமில்லை. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஜபல்பூரில் காய்ச்சலின் மூன்றாம் நாளைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணை மூடியதும் தெரியும், திறந்ததும் தெரியும். நடுவில் என்ன நடந்தது? வரும் வழியில் எத்தனை பேர் தன்னிடம் உண்மையில் பேசினார்கள்? ஆள் இல்லாத சத்திரங்களும், கேட்காமலே வைத்துவிட்டுப் போன சோறும் ஞாபகம் வந்தன. கருமாதி செய்த ஊர் தப்பு, தான் மட்டும் சரி என்று எதை வைத்துச் சொல்வது? அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். நாடி இருந்தது. ஆனால் அது இருப்பதாக உணர்வதும் அவன்தானே.

முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்தான். ஊன்றிய கையில் சுருக்கென்று குத்தியது. பார்த்தால் ஒரு முழ நீளத்துக்கு மண் கூம்பாக இருந்தது. அதன்மேல் இலந்தை முள் வெட்டிப் போட்டு, காற்றில் பறக்காமல் கல் வைத்திருந்தது.

"ராக்கு, இதென்ன முள்ளு?" என்றான். வாதாடுவதற்காகக் கேட்கவில்லை, வீட்டுக்கு வந்தவன் கண்ணில் பட்டதைக் கேட்பதுபோலக் கேட்டான். "ஆட்டுக்குட்டி ஏதும் செத்துப்போச்சா?"

"என்ன கேட்டீக?" குரல் இப்போது கதவுக்கு வெகு பக்கத்தில் இருந்தது.

"இந்த முள்ளு. எதப் பொதச்சிருக்கன்னு கேட்டேன்."

"ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் போறப்ப இது இல்லையே."

"அவுக வந்தா மொதல்ல அதுகிட்டத்தான் நிப்பாக," என்றாள். "அதுகிட்டப் பேசி முடிச்சுட்டுத்தான் எங்கிட்டப் பேசுவாக. நான் ஒரு வார்த்தையும் சொல்லாமலே அவுகளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

தாழ்ப்பாள் விழுந்தது. கதவு திறந்தது. வெள்ளைச் சேலையில், கையில் விளக்கோடு நின்றாள். முதலில் அவன் காலைப் பார்த்தாள். முள் குத்திய கையைப் பிடித்து விளக்கருகே கொண்டுபோய், வடிகிற ரத்தத்தைப் பார்த்தாள்.

"நீங்க கெளம்புறப்ப எனக்கே தெரியாது," என்றாள். "அஞ்சு மாசம். ஒங்களுக்குக் கருமாதி முடிஞ்ச மூணாம் நாளு போயிருச்சு. பெண்டுகளைத் தவிர யாருக்கும் சொல்லல." அதுவரைக்கும் இல்லாத அழுகை இப்போது வந்தது. "தெரியாம கேக்குறீக. செத்தவுகளுக்குத் தெரியாதது இருக்குமா? நீங்க உசுரோடதான் இருக்கீக."

ஒரு மனிதன் தனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் தன்னை நிரூபிக்கப் பார்ப்பான். அவனைக் காப்பாற்றியது அவன் அறியாத ஒன்று. அதுவும் எப்படிப்பட்ட ஒன்று! அன்று சாயங்காலம் அவனுக்குக் கிடைத்ததும் இழந்ததும் ஒரே கதவைத் திறந்துகொண்டுதான் வந்தன. அவன் அந்த மண்கூம்பைப் பார்த்துக்கொண்டே வாசற்படியைத் தாண்டினான்.

ஆவணியில் அவர்களுக்கு மறுபடி தாலிகட்டு நடந்தது. தோட்டத்துப் பேரேட்டில் அமாவாசை என்று எழுதினார்கள். பின்னாலிருந்து யாராவது வீரணா என்று கூப்பிட்டால் அவன் திரும்புவதை நிறுத்த மூன்று வருஷம் பிடித்தது. மூட்டை சுமந்தான், பிறகு சுமக்க முடியாமல் யோசேப்பின் கடையில் ரிம்மின் கோணலை நிமிர்த்தினான். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். காசியைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொன்னதில்லை. அகலமான ஆறு என்பான், அவ்வளவுதான்.

கதவு திறந்த அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு பாதையில் மணி கேட்கவில்லை. ஆனால் செய்த கருமாதியைத் திருப்பி எடுக்க முடியாது. அதனால் வருஷா வருஷம் சித்திரையில் வீரணன் என்கிறவருக்கு ராக்கு படையல் போட்டாள். அவர் இலைக்குப் பரிமாறிய பிறகுதான் அமாவாசைக்குச் சோறு. அவருக்குப் பிடித்ததெல்லாம் இலையில் இருக்கும். அதை இலைக்கு எதிரே உட்கார்ந்து அவன் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த ஒரு நாள் அவள் நெற்றியில் பொட்டு வைக்க மாட்டாள்.

ஒரு படையலின்போது அவனுக்குப் பொறுக்கவில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டான்: அந்த இரண்டு மாதமும் வெளியே நின்று அவர் என்னதான் பேசினார்? பிள்ளையிடம் என்ன சொன்னார்?

ராக்கு இலையில் நெய்யை ஊற்றி முடித்தாள். நிமிரவில்லை.

"அது அந்த மனுசனுக்கும் எனக்கும் உள்ளது," என்றாள். "ஒங்களுக்கு எதுக்கு அது?"